ஆடிய சக்கரமும் எழுதப்படாத சான்றும்: பெங்களூருவின் பிக்கப் வண்டிகளை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கோலார், மாலூர், ஓசூர் வட்டாரங்களிலிருந்து காய்கறியும் பூவும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் பெங்களூரு கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டுக்கு வரும் பிக்கப் வண்டிகளின் ஓட்டுநர்கள் நன்கறிந்த அனுபவம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் செல்லும்போது முன்சக்கரம் ஒரு பள்ளத்திலோ மேம்பாலத்தின் இணைப்பிலோ இடிபடுகிறது. அடுத்த கணமே ஸ்டீயரிங் பிடிக்குள் அடங்காமல் இடமும் வலமுமாகத் துடிக்கத் தொடங்குகிறது. வண்டியின் முன்பகுதி முழுவதும் அதிர்கிறது. வேகத்தை வெகுவாகக் குறைத்தாலன்றி அது ஓய்வதில்லை. பட்டறை வழக்கில் இதற்கு ‘வாப்ளிங்’ என்று பெயர். ‘முன்னாடி ஆட்டம்’ என்பாரும் உண்டு. அமெரிக்க ஓட்டுநர்கள் சாவையே அடைமொழியாக்கி இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர்.

இந்த ஆட்டத்தின் இயந்திரவியல் விளக்கம் ஏறத்தாழ நூறாண்டுக் காலமாக அறியப்பட்டதே. வரலாற்று ஆய்வுக்கு உரிய வினா வேறு. ஆட்டத்தினாலோ, அதே திசைமாற்று அமைப்பில் ஓர் உறுப்பு முறிவதனாலோ விபத்து நேரும்போது குற்றம் யாருடையதாகப் பதிவாகிறது? ஓட்டுநருடையதா, சாலையுடையதா, பட்டறையுடையதா, வடிவமைத்த நிறுவனத்துடையதா? இக்கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை ஒப்பிட்டால், சான்றை யார் சேமித்து வைத்தார்கள் என்பதே விடையைப் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது என்பது புலனாகும்.

1920களின் முற்பகுதியில் மோட்டார் வண்டிகளில் இரு மாற்றங்கள் ஏறக்குறைய ஒருங்கே வந்தன. ஒன்று, முன்சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்தும் வழக்கம் பரவியது. மற்றொன்று, குறைந்த காற்றழுத்தத்தில் இயங்கும் பருத்த ‘பலூன்’ டயர்கள் 1923 முதல் சந்தைக்கு வந்தன. பயணம் மென்மையாயிற்று; ஆனால் முன்சக்கரங்கள் நடுங்கத் தொடங்கின. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த, தோள்களைக் குலுக்கி ஆடும் ஒரு நடனத்தின் பெயரைக் கொண்டு பொறியாளர்கள் இந்நடுக்கத்தை ‘ஷிம்மி’ என்றழைத்தனர். பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925இல் இதுபற்றி வெளியிட்ட ஆய்வு துறையின் தொடக்கநூல்களுள் ஒன்று. உருளும் டயர் பக்கவாட்டு விசைக்கு உட்படும்போது, அது நோக்கும் திசையும் செல்லும் திசையும் சற்றே வேறுபடுகின்றன என்ற கருத்தை அவர் முன்வைத்தார். வண்டிகளின் இயக்கவியல் இன்றும் இக்கருத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆட்டத்தின் காரணத்தைச் சுருக்கமாகக் கூறலாம். இரு முன்சக்கரங்களையும் ஒரே திண்ணிய அச்சு இணைத்திருந்தால், ஒரு சக்கரம் மேடேறும்போது அச்சு முழுவதும் சாய்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பம்பரத்தைப் போலச் செங்குத்தான அச்சைச் சுற்றித் திரும்ப முனையும். அவ்வாறு ஒரு பக்கம் திரும்பிய சக்கரத்தை டயரின் பக்கவாட்டு விசை மீட்கிறது; மீளும் சக்கரம் நடுநிலையைக் கடந்து மறுபக்கம் போகிறது. மேலெழும் அசைவும் பக்கத் திருப்பமும் ஒன்றையொன்று தூண்டிக்கொள்கின்றன. இதற்கு வேண்டிய ஆற்றல் வண்டியின் ஓட்டத்திலிருந்தே கிடைக்கிறது. எனவேதான் தொடக்கத்தில் பட்ட இடி நின்ற பின்னும் ஆட்டம் நிற்பதில்லை. தேய்ந்த கிங்பின், தளர்ந்த டை ராட் முனை, சமநிலை தவறிய டயர், பிசகிய சக்கரக் கோணம் ஆகியவை இதற்கு வழிதிறந்து விடுகின்றன. திண்ணிய அச்சுதான் இதற்குரிய விளைநிலம்.

தீர்வும் அங்கேயே இருந்தது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திலிருந்து 1930இல் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்ற மாரிஸ் ஓலி என்ற பொறியாளரின் பணியால், 1934ஆம் ஆண்டு மாதிரிகளில் இரு முன்சக்கரங்களும் தனித்தனியே அசையும் அமைப்பு அந்நிறுவனத்தின் கார்களில் இடம்பெற்றது. ஒரு சக்கரத்தின் எழுச்சி மற்றதைச் சாய்க்காததால் ஷிம்மி பெரும்பாலும் அடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் பயணிகள் கார்களிலிருந்து திண்ணிய முன்அச்சு ஏறத்தாழ மறைந்தது.

ஆனால் சுமை ஏற்றும் வண்டிகளிலிருந்து அது மறையவில்லை. திண்ணிய அச்சு மலிவானது, சுமை தாங்கவல்லது, சிற்றூர்ப் பட்டறையிலும் பழுதுபார்க்கத்தக்கது. இரண்டாம் உலகப்போரின் ஜீப் இந்த அமைப்போடுதான் வந்தது. மும்பை மசகானில் 1949 ஜூன் 3 அன்று மகிந்திரா நிறுவனம் தன் முதல் வில்லீஸ் ஜீப்பைப் பொருத்தி முடித்தபோது, திண்ணிய முன்அச்சும் பட்டை வில்லும் இந்தியப் பயன்பாட்டு வண்டிகளின் அடித்தளமாயின. 1950களின் இறுதியில் சாலைக்கு வந்த அம்பாசிடர் காரில் முன்சக்கரங்கள் தனித்தனியே அசைந்தன. அதே சாலையில் ஓடிய ஜீப்பிலும் லாரியிலும் ஒரே அச்சில் பிணைந்திருந்தன. காரில் அமர்ந்தவருக்குக் கிடைத்த தீர்வு சுமைவண்டி ஓட்டுபவருக்கு எட்டவில்லை. 2005 மே மாதம் அறிமுகமாகி, தமிழ் வழக்கில் ‘குட்டியானை’ என்று பெயர்பெற்ற டாடா ஏஸ் வண்டியும் பட்டை வில்லின் மேலமர்ந்த திண்ணிய முன்அச்சையே கொண்டிருந்தது. அவ்வண்டி பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்பு அளித்தது உண்மை. குறைந்த விலையில் நின்று சுமை தாங்க அந்த அமைப்பு ஏற்றதாக இருந்ததும் உண்மை. திண்ணிய அச்சு தன்னளவில் குறைபாடு அன்று. அது தேய்மானத்தைப் பொறுத்துக்கொள்ளும் அளவு குறைவு என்பதே இங்குக் கருதத்தக்கது.

இந்த வரலாற்றில் பெங்களூருவுக்குத் தனி இடமுண்டு. 1930களில் இந்தியாவில் கார்த் தொழிற்சாலை ஒன்றை நிறுவும் திட்டத்தை முன்வைத்து உழைத்தவர்களில் முதன்மையானவர் மைசூர் திவானாக இருந்த மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. அத்திட்டத்தைப் பெங்களூருவில் நிறைவேற்றும் முயற்சி பிரித்தானிய இந்திய அரசின் ஆதரவின்றிக் கைகூடாமற்போனது. மாறாக, 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் பங்கேற்பாலும் இந்நகருக்கு வந்தது விமானத் தொழிற்சாலை. இன்றைய ஹெச்.ஏ.எல். அதன் தொடர்ச்சியே. கார் கேட்ட நகரம் விமானம் பெற்றது எனலாம்.

ஷிம்மி விமானங்களையும் விட்டுவைக்கவில்லை. மூக்குச் சக்கரம் கொண்ட விமானங்கள் ஓடுபாதையில் விரையும்போது அச்சக்கரம் இதேபோல் துடித்து, தாங்குகாலையே முறித்துவிடக்கூடும். சோவியத் கணிதவியலாளர் எம்ஸ்திஸ்லாவ் கெல்திஷ் 1945இல் வெளியிட்ட ஆய்வு இச்சிக்கலைப் பற்றியதே. விமானவியல் இதை வடிவமைப்பின் சிக்கலாக ஏற்றுக் கணித்தது, சோதித்தது, அதிர்வடக்கி பொருத்தியது. ஒரு விமானத்தின் உறுப்பு முறிந்தால், முறிந்த துண்டு பத்திரப்படுத்தப்பட்டு ஆய்வுக்கூடம் செல்கிறது. 1959இல் தொடங்கப்பெற்று பெங்களூருவில் இயங்கும் தேசிய விமானவியல் ஆய்வகத்தில் முறிவுகளை ஆராய்வதற்கென்றே ஒரு குழு நெடுங்காலமாகச் செயல்பட்டு வருகிறது.

முறிந்த உலோகத்தின் முகத்தைப் படிக்க முடியும் என்பதே அத்தகைய குழுக்களின் பணிக்கு அடிப்படை. பல்லாயிரம் முறை வளைந்து நிமிர்ந்து மெல்ல விரிசல்கண்டு முறிந்த தண்டின் முகத்தில், கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற வரிகளைப் போன்ற கோடுகள் தெரியும்; இறுதியில் ஒரே கணத்தில் அறுந்த பகுதி மட்டும் கரடுமுரடாக இருக்கும். மோதலில் ஒரே அடியில் முறிந்த தண்டில் அந்த வரிகள் இரா. விபத்துக்குப் பின் ஒரு வண்டியின் அடியில் முறிந்த டை ராட் தொங்கினால், முறிந்ததால் மோதியதா, மோதியதால் முறிந்ததா என்ற கேள்விக்கு அந்த முகமே சான்று.

பிக்கப் வண்டிகளைப் பொறுத்தவரை இச்சான்றின் மதிப்பை உலகுக்கு உணர்த்தியது ஹைலக்ஸ் வழக்கு. டொயோட்டா நிறுவனம் 1968இல் அறிமுகப்படுத்திய இப்பிக்கப் வண்டி உறுதிக்குப் பேர்போனது. 2004 ஆகஸ்டில் ஜப்பானின் குமமோட்டோ மாவட்டத்தில் ஹைலக்ஸ் சர்ஃப் வண்டியொன்று திசைமாற்று அமைப்பு செயலிழந்து எதிர்வரிசைக்குப் பாய்ந்து மோதியது, ஐவர் காயமுற்றனர். இரு முன்சக்கரங்களையும் ஸ்டீயரிங்கோடு இணைக்கும் ‘ரிலே ராட்’ எனும் தண்டு முறிந்திருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நிறுவனம் ஜப்பானில் ஏறத்தாழ 3,30,000 வண்டிகளைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அத்தண்டு பற்றிய தகவல்கள் நிறுவனத்துக்கு வந்திருந்ததும், 1990களின் நடுவில் புதிய வண்டிகளுக்கு மட்டும் தண்டு வலுவாக்கப்பட்டதும் பின்னர் வெளிவந்தன. 2006 ஜூலையில் குமமோட்டோ காவல்துறை, கடமை தவறியதாக நிறுவன அலுவலர் மூவர் மீதான கோப்பை அரசு வழக்குரைஞர்களுக்கு அனுப்பியது. போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சகம் நிறுவனத்துக்குச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது.

வரலாற்று மாணவருக்கு இதைவிட முக்கியமானது அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஜப்பானில் திரும்பப் பெற்றபோது, அமெரிக்காவில் அத்தகைய தகவல்கள் இல்லை, பயன்பாட்டுச் சூழலும் வேறு என்று அங்குள்ள சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் நிறுவனம் தெரிவித்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், 2005 செப்டம்பரில், அங்கும் சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற்றது. அமெரிக்க நுகர்வோரின் புகார்கள் 2004க்கு முன்பே வந்திருந்தன என்ற தகவல் வெளியானதும் 2010 மே மாதம் அரசு விசாரணை தொடங்கியது. டிசம்பரில், சட்டமீறலை ஒப்புக்கொள்ளாமலேயே, இவ்விவகாரத்துக்காக மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் டாலர் அபராதம் செலுத்த நிறுவனம் இசைந்தது. விசாரணையை இயலச் செய்தது ஓட்டுநர்கள் முன்னரே எழுதிவைத்த புகார்கள்தாம். ஒவ்வொன்றும் தனித்தனியே படிக்கப்பட்ட காலத்தில் பராமரிப்புக் குறையாகவே தோன்றியிருக்கக்கூடியவை, ஒருங்கே வைக்கப்பட்டபோது வடிவமைப்பின் குறையாகத் தெரிந்தன.

முறிவு ஒன்று, ஆட்டம் வேறு என்பது உண்மை. ஆயினும் ஆட்டத்தின் வரலாறும் இவ்வாறே செல்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-250, எஃப்-350 வகை கனரகப் பிக்கப் உரிமையாளர்கள் 2019இல் கூட்டு வழக்குத் தொடுத்தனர். திண்ணிய முன்அச்சு கொண்ட அவ்வண்டிகள் நெடுஞ்சாலை வேகத்தில் கட்டுப்பாடின்றி ஆடுகின்றன என்பது அவர்களது குற்றச்சாட்டு. 1920களில் புரூலியேவின் தலைமுறை ஆராய்ந்த அதே நிகழ்வு, நூறாண்டு கழித்து நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. அதிர்வடக்கியை மாற்றுவது நோயைத் தீர்ப்பதா, மறைப்பதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இப்பின்புலத்தில் பெங்களூருவுக்குத் திரும்பினால் வேறொரு காட்சி தென்படுகிறது. 2022 முதல் ஹைலக்ஸ் இந்நகருக்கு அருகிலுள்ள பிடதியிலேயே பொருத்தப்படுகிறது. 2011இல் அறிமுகமான அசோக் லேலண்டின் தோஸ்த் வண்டி எல்லைக்கு அப்பால் ஓசூரில் உருவானது. ஆக, பிக்கப் வண்டி பிறக்கும் இடங்கள் நகரைச் சூழ்ந்துள்ளன. அது பழுதாகும்போது செல்லும் இடங்களோ ஜே.சி. சாலையின் உதிரிப்பாகக் கடைகளும், தெருவோரப் பட்டறைகளும், சிவாஜிநகரின் குஜரிக் கடைகளும். தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்த பட்டறை மொழியில் ‘கிங்பின் போச்சு’, ‘எண்டு போச்சு’ என்ற தீர்ப்பு சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது. பெரும்பாலும் அது சரியான தீர்ப்பும்கூட. ஆனால் அது எங்கும் எழுதப்படுவதில்லை. கழற்றிய உறுப்பு எடைக்குப் போய்ச் சேர்கிறது. முறிந்த உலோகத்தின் முகத்தைப் படிக்கவல்ல அறிவு இருக்கும் அதே நகரில், பிக்கப் வண்டியின் முறிந்த தண்டு படிக்கப்படாமலேயே உருக்குலைக்குப் போகிறது.

படிக்கப்படாத இடத்தை அரசின் பதிவேடு தன் வழியில் நிரப்பிக்கொள்கிறது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை, 2015இல் நாட்டில் நிகழ்ந்த 5,01,423 விபத்துகளில் 3,86,481 விபத்துகளை, அதாவது 77.1 விழுக்காட்டை, ஓட்டுநரின் தவறு என்று வகைப்படுத்தியது. அவற்றுள் பெரும்பாலானவை உண்மையிலேயே ஓட்டுநரின் தவறாக இருக்கலாம். ஆனால் இந்த எண் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. காவல் நிலையத்தில் நிரப்பப்படும் தகவல்களிலிருந்து திரண்டது. விபத்து நேர்ந்தவுடன் பதியப்பட்ட வழக்கின் பிரிவுகளே, அதாவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகளே, ‘அசட்டையாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியது’ என்ற சட்டகத்தை முன்கூட்டியே வகுத்துவிட்டன. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பிலும் அச்சட்டகம் மாறவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவு விபத்துக்குள்ளான வண்டியைப் பரிசோதிக்க வழிசெய்கிறது. ஆனால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இயங்குகின்றனவா என்று பார்ப்பது வேறு, முறிவின் முகத்தைப் படிப்பது வேறு.

நீதிமன்றத்திலும் சுமை கீழ்நோக்கியே இறங்கியது. இயந்திரக் கோளாறே விபத்துக்குக் காரணம் என்று வாதிடும் வண்டி உரிமையாளரே அதை மெய்ப்பிக்க வேண்டும். தக்க கவனம் எடுத்தும் குறை மறைந்திருந்தது என்றும் அவரே காட்ட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு மறுக்கப்படக்கூடாது என்ற நோக்கில் அத்தீர்ப்பு நியாயமானதே. ஆயின் அதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. மறைந்திருந்த குறையை மெய்ப்பிக்கும் ஆற்றலற்ற உரிமையாளரும் ஓட்டுநரும் அவ்வாதத்தை எழுப்பாமலேயே விடுகின்றனர். எழுப்பப்படாத வாதம் தீர்ப்புரைகளில் தடம் பதிப்பதில்லை. பிற்கால ஆய்வாளர் அந்த வெறுமையைக் குறை இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

வடிவமைப்பாளரின் பொறுப்பு இந்தியச் சட்டத்தில் மிகப் பிந்தியே இடம்பெற்றது. 2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானே முன்வந்து திரும்பப் பெறும் நெறிமுறையை வகுத்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுதான், குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு முதன்முறையாக வழங்கியது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகள் ஏழாண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். உரிமையாளர்களுள் குறிப்பிட்ட விழுக்காட்டினர் புகாரளிப்பதும் அரசு தலையிடுவதற்கான வழிகளுள் ஒன்று. இங்கே இரு இடைவெளிகளைக் காணலாம். முதலாவது, கிங்பின் தேய்ந்து வண்டி ஆடத் தொடங்குவதும், அது இரண்டாம் மூன்றாம் கைக்கு மாறுவதும் பெரும்பாலும் வண்டியின் பிற்கால வாழ்விலேதான். இரண்டாவது, புகாரளிக்க வேண்டியவர் உரிமையாளர். ஆட்டத்தைக் கையில் உணர்பவரோ பெரும்பாலும் கூலிக்கு ஓட்டும் ஓட்டுநர். அவர் வேலையை இழக்காமல் செய்யக்கூடியது பட்டறைக்குப் போவது ஒன்றே.

ஆனால் அதே 110ஏ பிரிவில் ஒரு திறப்பும் இருக்கிறது. உரிமையாளர்களின் புகார், சோதனை நிறுவனத்தின் அறிக்கை என்பவற்றோடு, ‘வேறு எந்த மூலத்திலிருந்தும்’ வரும் தகவலையும் அரசு கருதலாம் என்று அது கூறுகிறது. மூலம் என்பது வரலாற்றாய்வாளரின் தொழிற்சொல்லும் ஆகும். பட்டறை மேசையில் கிடக்கும் ரசீதுப் புத்தகம், உதிரிப்பாகக் கடையின் விற்பனைக் கணக்கு, ஒரே வகை வண்டியின் ஒரே உறுப்பை மீண்டும் மீண்டும் மாற்றிய மெக்கானிக்கின் நினைவு, ‘அறுபதைத் தாண்டினால் ஆடும்’ என்று ஓட்டுநர் சொல்லும் சொல் ஆகியவை மூலங்களே. குமமோட்டோவிலும் அமெரிக்காவிலும் ‘ஓட்டுநர் தவறு’ என்ற விளக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியவை இவற்றின் எழுதப்பட்ட வடிவங்கள்தாம்.

பெங்களூருவின் தொழில் வரலாறு விமானத்தாலும் கைக்கடிகாரத்தாலும் மென்பொருளாலும் எழுதப்பட்டுள்ளது. ஜே.சி. சாலையின் ரசீதுகளும் குஜரிக் கடைகளின் எடைக்கணக்கும் அதில் இன்னும் இடம்பெறவில்லை. அவை தொகுக்கப்படுமாயின், நகரின் தொழில் வரலாற்றில் ஓர் அத்தியாயம் கூடும். அதோடு, முறிந்த தண்டின் பழியைச் சுமந்து நிற்கும் ஓட்டுநருக்காகப் பேச ஒரு சான்றும் கிடைக்கும். உருக்குலைக்குப் போன தண்டை எவராலும் மீட்டுப் படிக்க இயலாது. அடுத்த தண்டைப் படிக்க இயலும்.